நாலு கேபிள் போட்டால் நாலு மடங்கு வேகமா?

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையை ஒரகடம் ஆலைகளுக்காக அகலப்படுத்தினார்கள். அதில் நிறைய லாரிகள் போகலாம், ஆனால் ஒரே லாரி இரண்டாகப் பிரிந்து ஓடாது. சுவிட்ச் போர்ட்டுகளைச் சேர்த்துக் கட்டும் லிங்க் அக்ரிகேஷனும் அப்படித்தான். 1 ஜிகாபிட் போர்ட் நான்கைக் கட்டினால் மொத்தம் 4 ஜிகாபிட். ஆனால் பாக்கெட்டுகள் வரிசை மாறக்கூடாது என்பது 2000-ல் வந்த 802.3ஏடி தரத்தின் விதி. அதனால் அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளைக் கணக்கிட்டு, ஒரு கோப்பை ஒரே கேபிளில்தான் சுவிட்ச் அனுப்பும். அதற்குக் கிடைப்பது 1 ஜிகாபிட்தான். (விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்!)

பிறகு எதற்கு? ஒரு கேபிள் போனாலும் அசெம்பிளி லைன் நிற்காமல் இருக்க. ஆலைக்கு வேகத்தைவிட இதுதான் முக்கியம். ஆனால் நான்கையும் ஒரே பள்ளத்தில் புதைத்தால், ஜேசிபி ஒருமுறை தோண்டினால் போதும், நான்கும் காலி.

இன்னொன்று. நடுவே மீடியா கன்வெர்ட்டர் இருந்தால், ஃபைபர் அறுந்த பிறகும் போர்ட் விளக்கு எரியலாம். எல்ஏசிபி இல்லாமல் கட்டிய சுவிட்ச் அந்தச் செத்த வழியிலேயே டேட்டாவைக் கொட்டிக்கொண்டிருக்கும். எல்ஏசிபி இருந்தால் எதிர்முனையின் பதில் நின்றதை வைத்துக் கண்டுபிடித்துவிடும்: மெதுவான முறையில் 90 விநாடி, வேகமான முறையில் 3 விநாடி. ஆலையில் 3 தான் வேண்டும்.