எண்ணிப் பாராத பிரசாரம்

இலங்கையின் வீதிகளில் ஆண்டுதோறும் 2000 பேருக்கு மேற்பட்டோர் மாண்டு போகின்றனர். 2025 மே 11ஆம் திகதி கொத்மலையில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. இத்தகைய துயரம் நேரும்போதெல்லாம் பதாகை கட்டுவதும், துண்டுப் பிரசுரம் வழங்குவதும், ஊர்வலம் செல்வதும் வழக்கமாகிவிட்டன. இவற்றால் தப்பிய உயிர்கள் எத்தனை என்று கேட்போர் மிகச் சிலரே.

அச்சிட்ட பிரசுரங்களின் தொகை பிரசாரத்தின் வெற்றியை அளக்கும் கோலாகாது. மிகுவேகம் தீதென்பதை அறியாத சாரதி எவருமிலர். அறிந்தும் ஓட்டுவதே நோய். அந்நோய்க்கு உபதேசம் மட்டும் மருந்தாகுமா?

கென்யா நாட்டில் 2008ஆம் ஆண்டளவில் நடந்த சோதனையொன்று இங்கு நினைக்கத்தக்கது. 'மட்டாட்டு' எனப்படும் தனியார் சிறு பஸ்களில், ஹபியாரிமானா, ஜாக் என்னும் பொருளியல் அறிஞர் இருவர், சாரதியை விடுத்துப் பிரயாணியை நோக்கிப் பேசினர். கண்மூடித்தனமாக ஓட்டும் சாரதியை வாய்திறந்து கண்டிக்குமாறு தூண்டும் ஒட்டுத்தாள்களை வண்டியினுள்ளே ஒட்டுவித்தனர். அவற்றைக் கிழியாது காத்த சாரதிகளுக்குப் பரிசுச் சீட்டும் வைத்தனர். எவ்வண்டிகளில் ஒட்டுவது என்பதை எழுமாற்றாகவே தீர்மானித்தனர். விரும்பி வந்தவர்களை மட்டும் சேர்த்திருந்தால், அவர்களது இயல்பான நிதானம் ஒட்டுத்தாளின் புகழாகியிருக்குமன்றோ!

பின்னர் 2000க்கு மேற்பட்ட வண்டிகளின் காப்புறுதிக் கணக்குகளை ஒப்பிட்டனர். ஆண்டுக்குச் சுமார் 10 வீதமாயிருந்த நட்டஈட்டுக் கோரிக்கைகள், ஒட்டுத்தாள் உள்ள வண்டிகளில் பாதிக்குக் கீழே இறங்கின. மேலும் பல்லாயிரம் வண்டிகளில் நடத்திய அடுத்த சோதனையின் முடிவு 2015இல் வெளிவந்தது. அதிற் கண்ட குறைவு கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையே. முன்னையதிலும் சிறிதாயினும் அதையும் மறையாது வெளியிட்டனர். நேர்மையான கணிப்பு என்பது இதுவே.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவிரவாக ஓடும் பஸ்களிலும் இதனைச் செய்து பார்க்கலாம். சாரதியைக் கேட்க நாணிக் கடவுளை வேண்டியிருக்கும் பிரயாணிகளுக்கு அவ்வொட்டுத்தாள் துணிவளிக்கக்கூடும். கமக்காரரின் உழவு இயந்திரப் பெட்டிகள் பின்விளக்கின்றி இருளிற் செல்வதும் பேராபத்தே. சில ஊர்களைக் குலுக்கித் தெரிந்து, ஒளி தெறிக்கும் தாள்களை அங்கு முதலில் வழங்கி, ஏனைய ஊர்களோடு விபத்துக் கணக்கை ஒப்பிடலாம்.

மாகாணப் போக்குவரத்து அதிகாரிகளும், பஸ் உரிமையாளரும், கமக்காரர் சங்கங்களும் இம்முயற்சியில் இறங்குதல் வேண்டும். அடுத்த பிரசாரத்துக்குப் பணம் ஒதுக்குமுன், அதன் பயனை எவ்வாறு கணக்கிடப் போகின்றனர் என்பதை மக்களுக்குக் கூறட்டும். கூறாவிடின், அக்கேள்வியை மக்களே எழுப்புவது கடமையாகும்.