கல் பூனையும் கோயில் பந்தியும்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுதான் தீரவேண்டும். அர்ச்சுனன் தபசு என்பது ஒரு கட்சி. பகீரதன் தபசு என்பது எதிர்க்கட்சி. வழிகாட்டி எந்தக் கட்சியோ, அன்றைக்கு அந்தக் கட்சிக்கே ஜயம்.

குழந்தைகளுக்கு இந்த வழக்கில் அக்கறை கிடையாது. அவர்கள் நேரே யானைகளின் காலடிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே ஒரு பூனை பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். மேலே மெய்யான தபஸ்வி, எலும்பும் தோலுமாக ஒற்றைக் காலில் நிற்கிறார். கீழே பூனையார், அவரைப் பார்த்துப் பாடம் பண்ணிக்கொண்டவர் போல நிற்கிறார். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் உளி பிடித்த சிற்பி எவனோ, பல்லவ ராஜாவின் செலவிலேயே இந்தக் குறும்பைச் செய்துவிட்டுப் போயிருக்கிறான்!

பூனைக் கதை மகாபாரதத்தில், உத்தியோக பர்வத்தில் வருகிறது. கங்கைக் கரையில் ஒரு பூனை கைதூக்கித் தவம் செய்தது. பறவைகள் நம்பின, எலிகளும் நம்பின. "எங்களைக் காப்பாற்ற வேண்டும்" என்று எலிகள் சரணடைந்தன. "தவத்தினால் உடம்பு தளர்ந்துவிட்டது, தினமும் என்னை நதிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனால் காப்பாற்றுகிறேன்" என்றது பூனை. நாளாக ஆக, பூனை பருத்தது; எலிக் கூட்டம் இளைத்தது.

இதெல்லாம் பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்தக் கதையைப் பாரதத்தில் சொல்லி அனுப்புகிறவன் யார் என்பதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். சொல்லி அனுப்புகிறவன் துரியோதனன்! உலூகனைத் தூது அனுப்பி, "நீதான் அந்தப் பூனை" என்று தர்மபுத்திரரைப் பார்த்துச் சொல்லச் சொல்கிறான். சபையில் ஒரு ஸ்திரீயின் புடவையை உருவச் சொன்ன குடும்பம், அடுத்தவன் போலித்தனத்தைக் கண்டுபிடித்துக் கதை சொல்லுகிறது. எனக்கு அந்தப் பூனையைக் காட்டிலும் இதுதான் பெரிய வேடிக்கையாகப் படுகிறது.

அந்தப் பாறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஸ்தலசயனப் பெருமாள் கோயில். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. பூதத்தாழ்வார் அவதரித்த ஊர். மற்ற தலங்களில் ஆதிசேஷன்மேல் படுத்திருக்கும் பெருமாள், இங்கே பாயும் இல்லாமல் படுக்கையும் இல்லாமல் வெறுந்தரையில் படுத்திருக்கிறார். அதற்கு ஒரு புராணம் உண்டு. புண்டரீகர் என்ற மகரிஷி தாமரைப் பூக்களைப் பறித்துக்கொண்டு, பாற்கடலில் பள்ளிகொண்டவன் காலடியில் அவற்றைச் சேர்க்கப் புறப்பட்டார். கடல் குறுக்கே நின்றது. மனிதர் அசரவில்லை, கடலையே கையால் இறைக்க ஆரம்பித்துவிட்டார். அப்போது ஒரு கிழவர் வந்து, "ஐயா, பசிக்கிறது. கொஞ்சம் சோறு கிடைக்குமா?" என்று கேட்டார். ரிஷி பூக்களை வைத்துவிட்டு, சோறு கொண்டுவர ஓடினார். திரும்பி வந்து பார்த்தால், அந்தத் தாமரைகளைச் சூடிக்கொண்டு தரையில் படுத்திருக்கிறார் கிழவர்.

பசிக்கிறது என்று கேட்டு வந்தவர் யார், எந்த ஊர், என்ன குலம் என்று புண்டரீகர் விசாரித்ததாகக் கதையில் இல்லை.

இந்தக் கோயிலில்தான் 2021-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் அந்தச் சமாசாரம் நடந்தது. கோயில்களில் மத்தியான அன்னதானத் திட்டம் 2002-இல் தமிழ்நாட்டு அரசு ஆரம்பித்தது. வருகிறவர் யாரானாலும் இலை போட வேண்டும் என்பதுதான் அதன் உயிர். மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியிலிருந்து நரிக்குறவர் குலத்துப் பெண் ஒருவர் கைக்குழந்தையோடு சாப்பிட வந்தார். முதல் பந்தியில் உட்கார விடாமல் தங்களை எழுப்பிவிட்டார்கள் என்றும், மிச்சம் இருந்தால் வெளியே தருவதாகச் சொன்னார்கள் என்றும் அவர் பேசியதை யாரோ படம் பிடித்தார்கள். ஊரெல்லாம் பார்த்தது. அந்தப் பெண் அழவில்லை, கெஞ்சவில்லை. நியாயம் கேட்டார்.

அப்புறம் நடந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அறநிலையத் துறை மந்திரி சேகர்பாபு அதே மாதம் 29-ஆம் தேதி அங்கே வந்து, அந்தப் பெண்ணுடனும் அவர் ஜனங்களுடனும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4-ஆம் தேதி, தீபாவளியன்று, முதல் மந்திரி ஸ்டாலின் பூஞ்சேரிக்கே போய் நரிக்குறவர்களுக்கும் இருளர்களுக்கும் மனைப் பட்டா, ஜாதிச் சான்றிதழ் முதலியவற்றைக் கொடுத்தார். "எல்லாம் காமிராவுக்காக" என்று சிலர் முகத்தைச் சுளித்தார்கள். நாடகமாகவே இருக்கட்டுமே! அந்த இலையும், இலையில் விழுந்த சோறும் நாடகம் அல்லவே. நரிக்குறவர்களையும் குருவிக்காரர்களையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் கமிட்டி சொன்னது 1965-இல். பார்லிமெண்டு அதை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். காமிரா இல்லாத காலத்தின் வேகம் அப்படி.

நான் சொல்ல வந்தது மந்திரிகளைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி.

அன்றைக்கு டெலிவிஷனில் அந்தப் பெண் பேசுவதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. "இவர்களெல்லாம் பக்தர்களா? நெற்றியில் போட்டுக்கொண்டால் போதுமா? 1947-இலேயே சட்டம் போட்டுக் கோயில் கதவைத் திறந்தாயிற்று. மனசை யார் திறப்பது?" என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே பிரசங்கம் செய்தேன். என் சகதர்மிணி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கிய சமயம் பார்த்து, "ஏங்க, நம்ம வாசல் பெருக்க வர்ற அம்மாவுக்கு எந்த டம்ளர்லே காபி குடுக்கிறோம்?" என்று கேட்டாள்.

அந்த டம்ளர் பின்கட்டில், குழாயடி மாடத்தில் இருக்கிறது. என் தாயார் காலத்திலிருந்து இருக்கிறது. யாரும் இழிவாக நினைத்து வைத்ததில்லை. யாரும் நினைக்கவே இல்லை, அவ்வளவுதான். நான் டெலிவிஷனை அணைத்தேன். மாடத்துப் பக்கம் போகவில்லை.

இது நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. சமீபத்தில் இந்தப் பக்கத்துக்காக அந்தக் கோயிலைப் பற்றி எழுதலாம் என்று தோன்றி, செங்கற்பட்டில் இறங்கினேன். அங்கே எனக்கு ஒரு பழைய சிநேகிதர்; கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைக் கேட்டதும், "கோயிலைப் பற்றி எழுதுவது இருக்கட்டும், எங்கள் திருமணியைப் பற்றி எழுதினீரா?" என்றார்.

திருமணியில் 1924-இல் ஏற்பட்ட தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. லேடி வில்லிங்டன் பெயரில் ஆரம்பித்து, 1955-இல் மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி நிலையமாக மாறியது. பெருவியாதி என்று பழைய மனிதர்கள் சொல்லுவார்கள். பூர்வ ஜன்ம பாவம் என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். புருஷனுக்கோ மனைவிக்கோ அந்த நோய் இருந்தால் விவாகரத்து கேட்கலாம் என்ற விதி நம் சட்டங்களில் 2019 வரைக்கும் இருந்தது!

1947-இல் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தார். வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்ற எலும்பு வைத்தியர் அவரைப் பார்க்க வந்தார். தோட்டத்தில் நடந்து போகும்போது, விரல்கள் கொக்கி போல் மடங்கிப்போன நோயாளி ஒருவரைப் பார்த்தார் பிராண்ட். அந்தக் கைக்குள் தம் கையைக் கொடுத்து, "முடிந்தமட்டும் அழுத்து" என்றார். பலமே இராது என்று நினைத்திருந்தார். ஆனால் அந்தப் பிடி இரும்புப் பிடியாக இருந்தது. வைத்தியரே வலியில் துடித்துப்போனார். அப்போதுதான் அவருக்குப் புத்தியில் உறைத்தது: கை அழுகிப்போகவில்லை, நரம்பு கெட்டதால் சில தசைகள் மாத்திரம் செயலற்றுப் போயிருக்கின்றன, மற்றவை நல்ல பலத்தோடு இருக்கின்றன. நல்ல தசைநாரை இடம் மாற்றிக் கட்டினால் விரல் நிமிருமே! வேலூரில் அவர் அதைச் செய்தும் காட்டினார். ஆயிரக்கணக்கான பேரின் கை மறுபடி சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோயிற்று.

"கவனித்தீரா?" என்றார் சிநேகிதர். "அவ்வளவு நாளும் அந்தக் கையில் பலம் இருந்தது. தொட்டுப் பார்க்க ஆள் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. தர்மம் போட்டவர்கள் நிறையப் பேர். எட்ட நின்று போட்டார்கள்."

இதை மனசில் அசை போட்டுக்கொண்டே மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் ஓரம் கிடைத்தது. திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறியது. கையில் ஊசி, பாசிமணிக் கூடையும் இடுப்பில் குழந்தையுமாக ஒரு நரிக்குறவப் பெண் ஏறி, என் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் உட்கார்ந்தாள். குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. கால் தானாக எழுந்தது. இறங்கப் போகிறவன் மாதிரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமல்லபுரம் இன்னும் அரை மணி தூரம்!

"உக்காரு சாமி, நான் கீழே குந்திக்கிறேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவர்கள் யாரைப் பார்த்தாலும் சாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். "இல்லே, இல்லே... காத்து வேணும்" என்றேன். ஜன்னல் ஓரத்தை விட்டுவிட்டு வந்தவன் சொல்லும் காரணம்! கண்டக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பூஞ்சேரியில் அந்தப் பெண் இறங்கினாள். இறங்கும்போது குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. வேறு பக்கம் பார்த்தேன்.

அன்றைக்குக் கோயிலுக்குள் போனேன், கும்பிட்டேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. உட்காரவில்லை. முதல் பந்தியில் அந்தப் பெண்ணை எழுப்பிவிட்டவர் என்று சொல்லப்பட்டவருக்கும் எனக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் அவளை எழுப்பினார். நான் நானே எழுந்துகொண்டேன். என் முறை கொஞ்சம் நாசூக்கானது. வேறு வித்தியாசம் தென்படவில்லை. பெருமாள் கோயிலை மாத்திரம் குறை சொல்கிறேன் என்று யாரும் சந்தோஷப்படவும் வேண்டாம். திருச்சி மேலப்புதூரில் ஒரே யேசுவை நம்பிச் செத்தவர்களின் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே, ஜாதிக்காக ஒரு சுவர் எழுப்பி வைத்தார்கள்.

வெளியே வந்து பாறைச் சிற்பத்தின் முன் நின்றேன். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பூனையைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு நாளும் நான் துரியோதனன் நின்ற இடத்திலிருந்தே அந்தப் பூனையைப் பார்த்து வந்திருக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது இரவு எட்டு மணி. பஸ் சமாசாரத்தை ஒன்றும் ஒளிக்காமல் சகதர்மிணியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். மாடத்தில் டம்ளர் அப்படியே இருந்தது. "இதை உள்ளே எடுத்து வையேன்" என்றேன்.

"நீங்களே எடுத்து வையுங்க" என்றாள்.

எடுத்து, கழுவி, சமையலறை அலமாரியில் மற்ற டம்ளர்களோடு வைத்தேன். விளிம்பில் ஒரு சின்ன நெளிவு இருக்கிறது. எந்த வரிசையில் வைத்தாலும் அதை அடையாளம் தெரியும்.

மறுநாள் காலையில் வாசல் பெருக்கும் அம்மாவுக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி போயிற்று. எனக்கு அந்த நெளிந்த டம்ளரில் வந்தது. சகதர்மிணி ஒன்றும் தெரியாதவள் போல நின்றுகொண்டிருந்தாள். காபி நன்றாக ஆறிய பிறகுதான் குடித்தேன்.