இம்பிளாண்ட் வைக்கலாமா, டாக்டர்?

நான்கு மாதங்களுக்கு முன் ஓர் அம்மா தம் மகளோடு கிளினிக்கிற்கு வந்தார். வயது 61. நாற்காலியில் உட்கார்ந்ததுமே கைப்பையைத் திறந்து ஒரு திருமண அழைப்பிதழை எடுத்து நீட்டினார்.

"மகனுக்குக் கல்யாணம், டாக்டர். இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள பல்லு வச்சிக் கொடுத்துடுங்க. காசப் பத்திக் கவலையில்ல, பிள்ளைங்க போட்டுக்குவாங்க."

பேசும்போது இடது கை வாயை மறைத்தபடியே இருந்தது. கீழ்த்தாடையில் ஒரு பல்கூட இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் செய்துகொடுத்த பல் செட் ஒன்று வீட்டில் டப்பாவில் இருக்கிறதாம். போட்டுக்கொண்டு சாப்பிட்டால் எழும்பி வந்துவிடுகிறது என்றார். நீரிழிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு 10.4 என்று இருந்தது.

"இப்போதைக்கு முடியாதும்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மகளுக்குத்தான் கோபம் வந்தது. "பேஸ்புக்ல ஒரே நாள்ல வச்சிடலாம்னு போட்டிருக்காங்களே, டாக்டர்!"

அந்த மகளின் கோபத்தில் தவறில்லை. பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அம்மாவுக்குச் செய்ய நினைக்கும்போது டாக்டர் குறுக்கே நின்றால் யாருக்கும் கோபம் வரும். அன்று அவர்கள் கேட்டவையும், இந்தப் பகுதிக்கு வாசகர்கள் எழுதிக் கேட்பவையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இம்பிளாண்ட் என்பது என்ன?

பல் செட் ஈறின் மேல் உட்காரும். பிரிட்ஜ் பக்கத்துப் பற்களைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இம்பிளாண்ட் தாடை எலும்புக்குள்ளேயே நிற்கும். டைட்டானியத்தில் செய்த சிறு திருகு அது. பல்லின் வேர் இருந்த இடத்தில் அதைப் பதிக்கிறோம். அதன்மேல் ஓர் இணைப்புத் துண்டு. அதற்கும் மேலே, நம் கண்ணுக்குத் தெரியும் பல்.

எலும்பும் டைட்டானியமும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பது தற்செயலாகத் தெரியவந்த செய்தி. சுவீடன் நாட்டு மருத்துவ ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், 1950களில் முயல்களின் எலும்பில் இரத்த ஓட்டத்தைக் கவனிக்க டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் போனால் கருவி வரவில்லை. எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொண்டுவிட்டது. அந்தப் பிடிப்பை நம்பித்தான் 1965-இல் அவர் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இம்பிளாண்ட் வைத்தார்.

இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை. இம்பிளாண்ட்டை டாக்டர் பொருத்தலாம். ஆனால் அதைப் பிடித்து நிறுத்துவது உங்கள் எலும்பு. எலும்பு ஆறுவதற்கு உங்கள் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். இனி வரும் பதில்களுக்கெல்லாம் அடிப்படை இதுதான்.

வலிக்குமா?

பல் பிடுங்குவதற்குக் கொடுக்கும் அதே மரத்துப்போகும் ஊசிதான். திருகு பதிக்கும்போது அழுத்தமும் அதிர்வும் தெரியும், வலி தெரியாது. ஊசியின் வேகம் குறைந்த பிறகு இரண்டு மூன்று நாள் வலியும் வீக்கமும் இருக்கலாம். சாதாரண வலி மாத்திரை பெரும்பாலோருக்குப் போதும். 'பல்லுப் பிடுங்கினதே இதவிட வலிச்சிச்சு' என்று சொல்பவர்கள்தான் அதிகம். நாள் ஆக ஆக வலி குறையாமல் கூடினாலோ, உதடு மரத்தது மரத்தபடியே இருந்தாலோ காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ஒரே நாளில் முடியுமா?

சிலருக்கு முடியும். நல்ல எலும்பு, நோயில்லாத ஈறு, திருகு பதித்த அன்றே கெட்டியான பிடிப்பு, இந்த மூன்றும் அமைந்தால் அன்றே ஒரு பல்லைப் பொருத்தி அனுப்பலாம். ஆனால் அன்று பொருத்துவது பெரும்பாலும் தற்காலிகப் பல். எலும்பு முழுமையாகப் பிடித்த பிறகுதான் நிரந்தரப் பல் வரும். விளம்பரத்தில் இந்த விவரம் சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

பொதுவாக 3 முதல் 6 மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தாடை எலும்பு கெட்டியானது, சீக்கிரம் பிடிக்கும். மேல்தாடையின் பின்பகுதி மென்மையானது, நாள் பிடிக்கும். பல் போய்ப் பல ஆண்டு ஆனவர்களுக்கு எலும்பு தேய்ந்திருக்கும். அவர்களுக்கு முதலில் எலும்பு சேர்க்கும் சிகிச்சை தேவைப்பட்டால் இன்னும் சில மாதம் கூடும். திருமணத் தேதியைப் பார்த்து எலும்பு வேகமாக ஆறாது.

எனக்கு இனிப்பு நீர். வைக்கலாமா?

நம்மவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்வியும்கூட. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடம்தான் அது அதிகம்.

நீரிழிவு இருப்பதாலேயே இம்பிளாண்ட் கூடாது என்பதில்லை. கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதுதான் பேச்சு. மூன்று மாதச் சராசரி 7-ஐ ஒட்டி இருந்தால் தயக்கமின்றிச் செய்யலாம். 8-ஐத் தாண்டினால் நான் பொறுக்கச் சொல்வேன். 10 என்றால் கத்தியைத் தொடமாட்டேன். சர்க்கரை ஏறிய உடம்பில் புண் மெதுவாக ஆறும், கிருமி எளிதில் தொற்றும், எலும்பு திருகைப் பிடிக்காமல் போகலாம். கிளினிக்கிற்கு வரும் நாள் காலையில் பட்டினி கிடந்து விரலில் குத்திப் பார்த்த அளவைக் காட்டினால் போதாது. அது அன்றைய கணக்குத்தான்.

வேறு எதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்?

எல்லாவற்றையும். முக்கியமாக இரண்டு மருந்துகள். ஒன்று, எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை விழுங்கும் மாத்திரை, அல்லது ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு முறை போடும் ஊசி. 'அது முட்டிக்குப் போடுற ஊசிதானே, பல்லுக்கும் அதுக்கும் என்ன?' என்று பல அம்மாமார் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இந்த மருந்துகள் சிலருக்குத் தாடை எலும்பை ஆறவிடாமல் செய்துவிடும். புற்றுநோய்க்காக இதே வகை மருந்தைக் கூடுதல் அளவில் போட்டுக்கொண்டவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இரண்டாவது, இரத்தம் உறையாமல் இருக்க இதய நோயாளிகள் சாப்பிடும் மாத்திரை. இதைச் சொல்ல வேண்டும். ஆனால் பல் டாக்டரிடம் போகிறோமே என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் வரும் ஆபத்து பல்லில் வரும் இரத்தத்தைவிடப் பெரியது.

சிகரெட், வெற்றிலை?

புகை பிடிப்பவர்களுக்கு இம்பிளாண்ட் தோற்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. வேப் என்று பெயர் மாற்றிக்கொண்டால் ஈறு ஏமாந்துவிடாது. நிக்கோட்டின் அங்கும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும்.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் பலருக்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் இன்னும் உண்டு. பாக்கு தொடர்ந்து மென்றால் கன்னத்தின் உட்பகுதி இறுகி, வாய் முழுதாகத் திறக்காமல் போகும். இரண்டு விரல்கூட நுழையாத வாயில் இம்பிளாண்ட் கருவியை எப்படி நுழைப்பது? அதைவிட முக்கியம், அந்த இறுக்கமும் வெள்ளைத் தழும்பும் வாய்ப் புற்றுநோய்க்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குப் பல் வைப்பது பிறகு; முதலில் வாயைப் பரிசோதிக்க வேண்டும்.

வைத்துவிட்டால் ஆயுள் முழுவதும் நிற்குமா?

நல்ல முறையில் வைத்து, நல்ல முறையில் பார்த்துக்கொண்டால் பத்து ஆண்டு கழித்தும் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் நிற்கின்றன. ஆனால் 'இது இரும்பு மாதிரி, ஒன்னும் ஆகாது' என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை.

இம்பிளாண்ட் சொத்தையாகாது, உண்மை. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் உங்களுடையவை. அழுக்கு சேர்ந்தால் ஈறு வீங்கும், இரத்தம் கசியும், எலும்பு கரையும். சொந்தப் பல்லில் சொத்தை ஆழமாகப் போனால் நரம்பு வலித்து ஊரைக் கூட்டிவிடும். இம்பிளாண்டுக்குள் நரம்பு இல்லை. எலும்பு பாதி கரைந்து, திருகு ஆடத் தொடங்கும்வரை ஒன்றும் தெரியாமல் போகலாம். அதனால்தான் வலி இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டச் சொல்கிறோம். தினம் இரண்டு வேளை பிரஷ், பல் இடுக்குக்குச் சிறு பிரஷ். இதில் சலுகை கிடையாது.

செலவு எவ்வளவு?

தனியார் கிளினிக்குகளில் ஒரு பல்லுக்கு ஏறக்குறைய 4,000 முதல் 10,000 வெள்ளி வரை ஆகலாம். எலும்பு சேர்க்க வேண்டியிருந்தால் அதற்கு மேலும் போகும். மலிவான விலையைப் பார்த்தால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: இது திருகுக்கு மட்டுமா, மேலே வரும் பல்லுக்கும் சேர்த்தா? ஸ்கேன் தனியா? தற்காலிகப் பல் உண்டா? முதல் ஆண்டில் திருகு பிடிக்காமல் போனால் யார் செலவு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். நல்ல டாக்டர் எவரும் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டாக்டர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா, அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். வீட்டுக்கே வந்து பல் கட்டும் ஆட்களிடம் வாயைத் திறக்காதீர்கள். பற்சிகிச்சைக்கு 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் 1,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு உண்டு. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

தமிழ்நாட்டுக்குப் போகும்போது செய்துகொள்ளலாமா?

அங்கே திறமையான டாக்டர்கள் இருக்கிறார்கள். சிக்கல் திறமையில் இல்லை, நாள்காட்டியில்தான். இரண்டு வாரப் பயணத்தில் கோயில், சேலைக்கடை, சொந்தக்காரர் வீடு எல்லாம் போக மிச்ச நாளில் இம்பிளாண்ட் என்றால், ஆறும் காலத்தை யார் கவனிப்பது? மாதம் சில கழித்து மறுபடி போகத் தயார் என்றால் செய்யுங்கள். திரும்பும்போது இம்பிளாண்டின் பெயர், அளவு, தொகுப்பு எண் எழுதிய அட்டையை மறக்காமல் வாங்கி வாருங்கள். அது இல்லாமல் இங்கே வந்து 'திருகு ஆடுது, டாக்டர்' என்றால், எந்தச் சாவி பொருந்தும் என்று தெரியாமல் நாங்கள் திண்டாட வேண்டியிருக்கும்.

அவ்வளவு வசதி இல்லை. வேறு வழி?

உண்டு. இம்பிளாண்ட் இல்லாவிட்டால் வாழ்க்கையே இல்லை என்பது போலப் பேசுவது வியாபாரம். ஒன்றிரண்டு பல் போனவர்களுக்குப் பிரிட்ஜ் பல ஆண்டு நன்றாக உழைக்கும். நல்ல பல் செட் இன்றும் இலட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு ஊட்டுகிறது. அரசாங்கப் பல் கிளினிக்குகளில் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும்.

கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு நடுவழி ஒன்றும் இருக்கிறது. முழு வரிசைக்கும் இம்பிளாண்ட் வேண்டாம். முன்பக்கம் இரண்டே இரண்டு திருகு போட்டு, பல் செட்டை அதன்மேல் சட்டையின் அழுத்துப் பொத்தான் போலப் பூட்டிவிடலாம். எழும்பாது. இரவில் கழற்றிக் கழுவலாம். கீழ்ப் பல் முழுதும் போனவர்களுக்கு இதையே முதல் தெரிவாகக் கொள்ளலாம் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். அந்த அம்மாவுக்கும் நான் மனத்தில் வைத்திருப்பது இதைத்தான்.

கடைசியாக, நான் கேட்கும் கேள்வி

எல்லாரும் என்னிடம் 'எப்போது வைக்கலாம், எவ்வளவு ஆகும்' என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பல் ஏன் போனது? விபத்தில் உடைந்ததா, சொத்தையா, ஈறு கரைந்து ஆடி விழுந்ததா? ஈறு நோயால் போனது என்றால், பல்லைத் தின்ற அதே நோய் வாயில் இன்னும் இருக்கும். அதை விட்டுவிட்டு இம்பிளாண்ட் வைத்தால் அதையும் தின்னும். அந்த அம்மாவுக்குப் பற்கள் ஒவ்வொன்றாக ஆடித்தான் விழுந்திருக்கின்றன. சர்க்கரைக்கும் ஈறு நோய்க்கும் உறவு நெருக்கமானது. ஒன்று முற்றினால் மற்றதும் முற்றும்.

அன்று அவருடைய பழைய செட்டை எடுத்துவரச் சொல்லி, உட்பக்கம் புதிதாக லைனிங் போட்டுக் கொடுத்தேன். மேல்வரிசையில் மிச்சமிருந்த பற்களைச் சுத்தம் செய்து ஈறுக்குச் சிகிச்சை தொடங்கினோம். அதோடுதான் திருமணத்துக்குப் போனார். போன வாரம் வந்து கைப்பேசியில் படங்களைக் காட்டினார். பாதிப் படங்களில் கை இன்னமும் வாயில்தான் இருந்தது. மகள் என்னிடம் நீரிழிவுப் புத்தகத்தை நீட்டினார். 8.6.

"இன்னும் கொஞ்சம் குறையணும்மா" என்றேன்.

"பேரப்பிள்ள காது குத்துக்குள்ள வச்சிடலாமா, டாக்டர்?" என்றார்.

அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. வைத்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன்.

(அடுத்த வாரம்: குழந்தைகளின் பால் பல் சொத்தையானால் 'எப்படியும் விழப்போகிற பல்தானே' என்று விடலாமா?)