கோரிக்கை மனு: டிப்ளமோ முடித்தோரை ஒப்பந்தமின்றி மருத்துவமனைப் பணியில் அமர்த்துவதை நிறுத்தக் கோரி

அனுப்புநர்: செயலாளர், மருத்துவத் தொழில்நுட்பப் பயிற்சி பெறுவோர், பெற்றோர் சார்பில்.

பெறுநர்: கடலூர் மாவட்டத்தில் பொதுச் சுகாதார நிறுவனங்களையும் தொழிற்பழகுநர் பயிற்சியையும் மேற்பார்வையிடும் உயர் அலுவலர்கள்.

பொருள்: தொழிற்பழகுநர் ஒப்பந்தமும் உதவித்தொகையும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்னர் அளித்த மனுக்களும் நினைவூட்டுக் கடிதங்களும்.

ஐயா / அம்மையீர்,

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் லேப், எக்ஸ்ரே, அறுவை அரங்கப் பிரிவுகளில் பயிற்சியில் இருப்போரும் அவர்களது பெற்றோரும் உறுப்பினராக உள்ள சங்கம் எங்களுடையது.

பார்வையில் கண்ட மனுக்களைத் தாங்கள் தேடி எடுக்க வேண்டிய சிரமமின்றி, அவற்றில் எழுதியதை இங்கே மீண்டும் எழுதுகிறோம். முதல் மனுவில் ஒரே ஒரு தாளைத்தான் கேட்டிருந்தோம். படிப்பை முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்ட பிள்ளைகள், "அனுபவச் சான்றிதழ்" ஒன்றுக்காக மருத்துவமனைகளில் மாதக்கணக்கில் நிறுத்தப்படுகிறார்கள். டியூட்டிப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறது. இரவுப் பணி இருக்கிறது. நோயாளியின் ரத்தத்தை எடுப்பது, மாதிரியைப் பரிசோதிப்பது, முடிவைப் பதிவேட்டில் எழுதுவது எல்லாம் அவர்கள் கைவேலை. ஆனால் அவர்கள் யார், எதற்காக அங்கே இருக்கிறார்கள், எப்போது முடியும் என்று சொல்லும் எழுத்து எதுவும் அவர்களிடம் இல்லை. அந்த எழுத்தைத் தாருங்கள் என்றோம். மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளதாகப் பதில் வந்தது. அந்த உரிய அலுவலர் யார் என்பது பதிலில் இல்லை.

இரண்டாம் மனுவில் உதவித்தொகை கேட்டோம். "இவர்கள் ஊழியர்கள் அல்லர், பயிற்சி பெறுவோர். எனவே ஊதியம் வழங்க இயலாது" என்று பதில் கிடைத்தது. அந்தப் பதிலை நாங்கள் மறுக்கவில்லை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டுதான் மூன்றாம் மனுவை எழுதினோம். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. அதன் சாரம் இதுதான்:

பயிற்சி பெறுவோர் என்றால் அதற்கென்று நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. தொழிற்பழகுநர் சட்டம், 1961. அதன் 4ஆம் பிரிவு, வேலையளிப்பவரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளாத எவரையும் தொழிற்பழகுநராக அமர்த்தக்கூடாது என்கிறது. அந்த ஒப்பந்தம் தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் பதிவாக வேண்டும். 13ஆம் பிரிவு, விதிகள் நிர்ணயித்த குறைந்தபட்ச அளவுக்குக் குறையாமல் மாதந்தோறும் உதவித்தொகை தரச் சொல்கிறது. 2019ஆம் ஆண்டு விதித் திருத்தம் சான்றிதழ் பெற்றவருக்கு 7,000 ரூபாய், டிப்ளமோ பெற்றவருக்கு 8,000 ரூபாய் என்று குறைந்தபட்சத் தொகையை வகுத்தது. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பர் பணி இச்சட்டத்தின்கீழ் பெயர் குறித்து அறிவிக்கப்பட்ட தொழிற்பிரிவுகளில் ஒன்று. 18ஆம் பிரிவு தொழிற்பழகுநரை ஊழியர் அல்லர் என்றே சொல்கிறது. தாங்கள் எழுதியதும் அதுவே. ஆனால் அந்த 18ஆம் பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு 4ஐயும் 13ஐயும் விட்டுவிட முடியாது. ஊழியர் என்றால் ஊதியம் தர வேண்டும். தொழிற்பழகுநர் என்றால் ஒப்பந்தமும் உதவித்தொகையும் தர வேண்டும். இரண்டும் இல்லாமல் ஒருவரை இரவெல்லாம் வேலை வாங்க எந்தப் பிரிவு இடம் தருகிறது?

பாடத்திட்டத்தின் பகுதியாக வரும் மாணவர்களைப் பற்றி நாங்கள் இங்கே பேசவில்லை. படிப்பு முடிந்தவர்களைப் பற்றிப் பேசுகிறோம். இந்த வேறுபாடு முந்தைய பதில்களில் ஒவ்வொரு முறையும் விடுபட்டுப்போனதால் அழுத்திச் சொல்கிறோம்.

இதைப் பணப் பிரச்சினை என்று மட்டும் கருத வேண்டாம். ரத்தம் எடுக்கும்போது ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், கூடுமானவரை உடனே, தொடங்கியாக வேண்டும். தொழிற்பழகுநருக்குப் பயிற்சியின்போது காயம் நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு வேலையளிப்பவருடையது என்கிறது 16ஆம் பிரிவு. ஒப்பந்தம் இல்லாத பிள்ளைக்கு அந்தப் பிரிவால் என்ன பயன்? அப்படியொருவர் அங்கே இருந்ததற்கே ஆதாரம் கிடையாது. காட்டுமன்னார்கோவிலிலிருந்தும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் கைக்காசு போட்டு பஸ் ஏறி வரும் பெண்கள், ஊசி குத்தினாலும், அனுபவச் சான்றிதழ் போய்விடுமோ என்று பயந்து வெளியே சொல்வதில்லை. எங்களை மிகவும் வருத்துவது இதுதான்.

நிதி இல்லை என்பது காரணமாகச் சொல்லப்படலாம். சிதம்பரத்திலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு ஏற்ற பிறகும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. மாணவர்கள் ஐம்பது நாட்களைத் தாண்டிப் போராடினார்கள். 2021 தொடக்கத்தில் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் வந்தது. கட்டணம் மற்ற அரசுக் கல்லூரிகளைப் போல 13,610 ரூபாய் ஆனது. நிறுவனம் எந்த வகையைச் சேர்ந்தது என்று அரசு எழுத்தில் முடிவு செய்தவுடன் தொகையும் முடிவானது. எங்கள் பிள்ளைகள் எந்த வகை என்பதையும் அவ்வாறே எழுத்தில் முடிவு செய்யக் கேட்கிறோம்.

எனவே எங்கள் கோரிக்கைகள்:

1. படிப்பை முடித்துப் பணிப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் 4ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் செய்து பதிவு செய்யவும், உதவித்தொகையைப் பணியில் சேர்ந்த நாள் முதல் கணக்கிட்டு நிலுவையுடன் வங்கிக் கணக்கில் வழங்கவும் ஆவன செய்ய வேண்டும். ஒப்பந்தம் செய்ய விரும்பாத நிறுவனம் இவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கி, பணி செய்த காலத்துக்கான சான்றிதழை உடனே வழங்க வேண்டும்.

2. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கட்டணமின்றிப் போடப்பட வேண்டும்.

3. அடையாள அட்டை வழங்கப்பட வேண்டும்.

4. இரவுப் பணியிலுள்ள பெண்களுக்குப் பூட்டக்கூடிய ஓய்வறை ஒதுக்கப்பட வேண்டும்.

5. சீருடைக்கும் கையுறைக்கும் பணம் வசூலிப்பது நிறுத்தப்பட வேண்டும்.

முதல் கோரிக்கையை ஏற்க இயலாது எனில், இவர்கள் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் பணியில் வைக்கப்பட்டுள்ளார்கள் என்பதைப் பிரிவு எண்ணுடன், பொறுப்பு அலுவலரின் கையொப்பத்துடன் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்