உரிமையா, உடன்பாடா?

அமெரிக்க நாட்டில் பேஸ்பால் ஆட்டத்தை ஒட்டி வளர்ந்த துணை விளையாட்டு ஒன்று உண்டு. அதற்குப் பந்தும் வேண்டா, மட்டையும் வேண்டா, திடலும் வேண்டா. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, உண்மையில் ஆடிவரும் வீரர்களின் பெயர்களை ஏலம் எடுத்து, ஆளுக்கொரு கற்பனை அணியை அமைத்துக்கொள்வர். அவ்வீரர்கள் திடலில் அடிக்க அடிக்க, இவர்களுடைய ஏட்டில் எண்ணிக்கை ஏறும். இவ்விளையாட்டின் ஒரு வகைக்குக் கீப்பர் லீக் என்று பெயர். பிற வகைகளில் பருவம் முடிந்தவுடன் அணிகள் கலைந்துவிடும். கீப்பர் லீக்கிலோ, வாங்கிய வீரருள் சிலரை அடுத்த ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுக்கும் தக்கவைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தக்கவைக்கும் உரிமையைப் பற்றியதே வழக்கு. 'என் வீரன், என் விருப்பம். வைப்பேன், விற்பேன், வாரி இறைப்பேன். கேட்பதற்குப் பிறர் யார்?' என்பது ஒரு சாராரின் முழக்கம். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இம்முழக்கம் எழாத கீப்பர் லீக் அரிது. பொழுதுபோக்குச் சண்டைதானே என்று இதனை ஒதுக்குவோர் ஒதுக்கலாம். ஆயினும் ஒருவர் கைப்பொருளுக்கும் பலர் கூடிக் காக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை இத்துணைத் தெளிவாகக் காட்டும் சிறிய களம் வேறு கிடைப்பது கடினம். முழக்கமிடுவோர் கூற்று ஆராய்ந்தால் நிற்காது.

முதலில் ஆட்டத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் காம்சன் என்னும் சமூகவியலார் 1960இல் நண்பர்களோடு இதன் எளிய வடிவம் ஒன்றை ஆடினார். இன்றைய வடிவத்தைத் தந்தவர் டேனியல் ஒக்ரெண்ட் என்னும் எழுத்தாளர். 1979ஆம் ஆண்டின் இறுதியில், டெக்சஸ் மாநிலத்துக்குச் சென்ற ஒரு விமானப் பயணத்தில் அவர் விதிகளை வகுத்தார். 1980இல் நியூயார்க்கில் முதற்பருவம் நடந்தது. நண்பர்கள் கூடி உண்ட உணவகத்தின் பெயரால் அதற்கு ரொட்டிசெரி லீக் என்று பெயர் அமைந்தது.

பின்னர் எங்கும் பரவிய விதிப்படி, ஒவ்வோர் அணிக்கும் ஏலத்தில் செலவிட 260 டாலர். வாங்க வேண்டிய வீரர் 23 பேர். மட்டையடிப்போர்க்கு நான்கு அளவைகள், பந்தெறிவோர்க்கு நான்கு அளவைகள் என எட்டு அளவைகளில் அணிகள் ஒப்பிடப்படும். மட்டையடிச் சராசரி, ஹோம் ரன், பிறரை ஓடிவரச் செய்த அடிகள், எதிரி அயர்ந்த நேரம் பார்த்துத் திருடிய பேஸ்கள் ஆகியன முதல் நான்கு. இக்காலத்தில் பல லீக்குகள் அளவைகளைப் பத்தாக்கிவிட்டன. பன்னிரண்டு அணிகள் இருப்பின், ஓர் அளவையில் முதலிடம் பெற்ற அணிக்குப் பன்னிரண்டு புள்ளி, கடைசி அணிக்கு ஒரு புள்ளி. ஓர் அணி ஏறினால் மற்றோர் அணி இறங்கியே தீரும். இதனை ஈண்டு மனத்திற் கொள்ளுதல் நன்று. பின்னர் வரும் வாதத்திற்கு இதுவே அச்சாணி.

தக்கவைக்கும் முறையும் அந்தத் தொடக்கக் காலத்து விதிகளிலேயே வேர்கொண்டது. ஏலத்தில் எடுத்த விலைக்கே ஒரு வீரரை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்கலாம். மூன்றாம் ஆண்டு தொடங்குமுன் முடிவு சொல்ல வேண்டும்: விடுவிப்பதா, அதே விலைக்கு இன்னும் ஓராண்டு மட்டும் வைப்பதா, விலையை உயர்த்தி நீண்ட ஒப்பந்தம் செய்வதா? நீண்ட ஒப்பந்தம் எனின், கூடுதல் ஆண்டு ஒவ்வொன்றுக்கும் ஐந்து டாலர் ஏறும். இவ்விதியின் நுட்பம் பாராட்டத்தக்கது. மலிவாக வாங்கும் கூர்மைக்குப் பரிசு உண்டு. ஆனால் அப்பரிசு என்றென்றும் நீடிக்காது.

ஓர் எடுத்துக்காட்டு. மைக் டிரவுட் என்னும் இளைஞர் 2012ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கியபோது கீழ்நிலை அணியில் இருந்தார். ஏப்ரல் 28ஆம் நாள்தான் மேல்நிலைக்கு அழைக்கப்பட்டார். பருவம் முடிந்தபோது அவர் சராசரி .326, ஹோம் ரன் 30, திருடிய பேஸ் 49. அவ்வாண்டுத் தொடக்கத்தில் அவரை ஐந்து டாலருக்கு எடுத்த ஒருவர் இருந்தார் என்று கொள்க. அடுத்த வசந்தத்தில் அவ்வீரர் பெயர் மீண்டும் ஏலத்துக்கு வந்திருப்பின், நாற்பது டாலர் கொடுக்கவும் ஆள் முந்தியிருக்கும். அவரை ஐந்து டாலருக்கே வைத்திருப்பவர், 260 டாலரில் முப்பத்தைந்து டாலரை மிச்சப்படுத்தியவராகிறார். மற்றவர் இருபது வயது இளைஞனைப் பற்றிப் படிக்காதபோது இவர் படித்தார். அதற்கு உரிய பயன் இது. இதனைக் குறைகூற எவருக்கும் இடமில்லை.

குறை எங்கே தொடங்குகிறது? ஜூலையில் தொடங்குகிறது. பேஸ்பால் பருவம் நீண்டது. அணிக்கு 162 ஆட்டம். ஏறத்தாழ ஆறு திங்கள். நடுவில் ஒருவர் ஒன்பதாம் இடத்தில் இருக்கிறார். இனி வெல்ல வழியில்லை. அவரிடம் நாற்பது டாலர் விலையுள்ள பெருவீரர் மூவர் உளர். அவ்விலைக்கு அவர்களை அடுத்த ஆண்டு தக்கவைப்பதில் பயனில்லை. முதலிடத்துக்குப் போராடும் வேறொருவரிடமோ ஐந்து டாலர் விலையில் ஓர் இளம் வீரர் இருக்கிறார். ஒன்பதாம் இடத்தவர் மூவரையும் கொடுத்து அந்த ஒருவரைப் பெறுகிறார். இவருக்கு அடுத்த ஆண்டு வாழ்வு. அவருக்கு இந்த ஆண்டு கோப்பை. இருவரும் மகிழ்கின்றனர். கற்பனை அணி ஆடுவோர் இதனை டம்பிங் என்பர். கையிலுள்ள சரக்கைக் கொட்டித் தீர்க்கும் செயலுக்கு ஏற்ற பெயர்தான்.

இருவர் மனம் ஒத்துச் செய்த வாணிகத்தில் பிழை என்ன என்று கேட்பர். பிழை, அந்த இருவரிடையே இல்லை. மற்றப் பதின்மர் தலையில் இருக்கிறது. முன்னே கூறிய புள்ளிக் கணக்கை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே இரவில் மூன்று பெருவீரரைப் பெற்ற அணி ஒவ்வோர் அளவையிலும் ஏறும். அது ஏற, ஏப்ரலிலிருந்து நாள்தோறும் அணியைத் திருத்தித் திருத்தி இரண்டாம் இடத்துக்கு வந்தவர் இறங்குவார். அவர் தோற்றது எதிரியின் திறமையால் அன்று. எதிரிக்கு அருகே தளர்ந்துபோன ஓர் அணி கிடைத்ததால். அதனைக் கண்ட நான்காமவர் சும்மா இருப்பாரா? அவரும் ஒரு தளர்ந்த அணியைத் தேடி ஓடுவார். ஆகஸ்டு பிறக்குமுன் லீக் இரண்டாகப் பிளந்துவிடும்: ஒருபுறம் விண்மீன் கூட்டம் போன்ற நான்கு அணிகள்; மறுபுறம் ஆள்பேர் தெரியாத எட்டு அணிகள். அந்த எட்டில் சிலர் அதன்பின் தம் அணியைத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. காயம்பட்ட வீரர் பெயர் ஆடும் பட்டியலில் அப்படியே கிடக்கும். சீட்டு எடுத்தவர் மீதித் தவணையைக் கட்டாமல் ஒதுங்குவது போன்றது இது.

இங்கேதான் 'என் வீரன்' என்னும் முழக்கம் வருகிறது. யாருடைய வீரன்? இக்கேள்விக்கு அமெரிக்காவின் நீதிமன்றங்களே இருமுறை விடை தேடியிருக்கின்றன. விளையாட்டுக்காக அன்று, மெய்யாகவே.

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பன்னிரண்டு ஆண்டு ஆடியவர் கர்ட் ஃபிளட் என்னும் கறுப்பின வீரர். 1969ஆம் ஆண்டு அவரைக் கேளாமலே அவ்வணி அவரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்டது. அக்காலத்தில் ரிசர்வ் விதி என்று ஒன்று இருந்தது. ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்தாலும், அணியே அதனைப் புதுப்பித்துக்கொண்டு போகலாம். வீரர் தாமாக வேறிடம் போக முடியாது. பன்னிரண்டு ஆண்டு உழைத்த தாம் விருப்பம் கேளாமல் வாங்கி விற்கப்படும் உடைமையல்லர் என்று ஃபிளட், பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்கு 1969 டிசம்பர் 24ஆம் நாள் கடிதம் எழுதினார். வழக்கும் தொடுத்தார். 1972இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்னும் கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவ்வழக்குக்காக அவர் இழந்தது தம் ஆட்ட வாழ்வையே. ஆயினும் 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்னும் நடுவர், மெசர்ஸ்மித், மெக்னாலி என்னும் இரு பந்தெறிவோர் வழக்கில் அவ்விதியின் முதுகெலும்பை முறித்தார். வீரர் விடுதலை பெற்றனர்.

மெய்யான திடலில் ரிசர்வ் விதி வீழ்ந்த நான்கே ஆண்டில், உணவக மேசையில் அது காகித வடிவில் மறுபிறப்பு எடுத்தது வரலாற்றின் குறும்பு. காகித வடிவம் எந்த வீரரின் உரிமையையும் பறிப்பதில்லை என்பது உண்மை. மைக் டிரவுட்டை ஒருவர் 'தக்கவைப்பது' டிரவுட்டுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே மனிதரை ஏலமிடும் இழிவு என்று இவ்விளையாட்டையே பழிப்போர் கூற்றும் மிகையே. ஆனால், எந்த வீரரும் கட்டுப்படவில்லை எனின், அவர்மேல் எவருக்கும் உடைமையும் இல்லை என்பதுதானே பொருள்?

இரண்டாம் வழக்கு இதனை உறுதிசெய்கிறது. கற்பனை அணி ஆட்டங்களை நடத்திய சி.பி.சி. என்னும் நிறுவனம், வீரர் பெயரையும் புள்ளிவிவரத்தையும் உரிமக் கட்டணம் இன்றிப் பயன்படுத்தலாமா என்று மேஜர் லீக் பேஸ்பாலின் இணைய நிறுவனத்தோடு வழக்காடியது. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பயன்படுத்தலாம் என்றது. எல்லாரும் அறியக் கிடக்கும் செய்தி அது. அதனை எடுத்தாளும் உரிமை கருத்துரிமையின்பாற்படும் என்றது. 2008இல் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. பெரும் பணம் புரளும் மேஜர் லீக்கே தனியுடைமை கொண்டாட முடியாத பெயரையும் எண்ணையும், ஏப்ரலில் ஐந்து டாலர் என்று கூவியவர் தமது உடைமை என்று கொண்டாடுவது எவ்வாறு பொருந்தும்?

அவரிடம் இருப்பது ஒன்றே. அவ்வீரர் இவர் பக்கம் என்று மற்றப் பதினொருவர் ஒப்புக்கொண்டிருக்கின்றனர். அந்த ஒப்புதல்தான் ஐந்து டாலர் ஒப்பந்தம். அடுத்த வசந்தத்தில் அப்பதினொருவரும் மேசைக்கு வாராவிடின் அவ்வொப்பந்தம் வெறுந்தாள். ஒரே பருவத்தோடு முடியும் லீக்கில் இதனை மறந்தாலும் பெருங்கேடு இல்லை. கீப்பர் லீக்கோ நாளை என்பதை நம்பியே நிற்பது. நாளைக்காக வீரரைத் தக்கவைத்துக்கொண்டே, நாளையும் மற்றவர் வந்து அமர்வதற்குரிய காரணத்தைக் கெடுப்பவர், தாம் ஏறி அமர்ந்த கிளையை வெட்டுகிறார்.

முழக்கமிடுவோர் இன்னொரு சான்றும் காட்டுவர். மெய்யான அணிகளே இவ்வாறு செய்கின்றனவே என்பர். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2011 முதல் மூன்று பருவங்களில் முறையே 106, 107, 111 ஆட்டங்களில் தோற்றது. விலையுயர்ந்த வீரரை விடுத்து இளைஞரைச் சேர்த்தது. 2017இல் உலகக் கோப்பையை வென்றது. (அவ்வாண்டில் அவ்வணி ஒளிப்படக் கருவி வைத்து எதிரணியின் சைகைகளைத் திருடியது பின்னர் வெளிப்பட்டு, 2020இல் தண்டனை பெற்றது தனிக்கதை.) ஆனால் இச்சான்றின் மறுபாதியைச் சொல்வதில்லை. தோற்கத் தோற்க நல்ல இளைஞரை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைப்பதால்தான் அணிகள் தோற்கத் துணிகின்றன என்று கண்டு, 2022ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் மேஜர் லீக் முதல் ஆறு தேர்வுகளைக் குலுக்கலுக்கு உட்படுத்தியது. காட்டப்பட்ட முன்மாதிரியே திருத்தம் தேடிவிட்டது.

'விதி தடுக்கவில்லையே' என்பது எஞ்சிய வாதம். இது மட்டும் மதிக்கத்தக்கது. தடுக்கப்படாத ஒன்றைச் செய்தவரை ஆகஸ்டில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையன்று. பல லீக்குகளில் இதற்கு மருந்தாக வாக்கெடுப்பு வைத்திருக்கின்றனர். நான்கைந்து பேர் எதிர்த்தால் மாற்றம் செல்லாது. இம்மருந்து நோயினும் கொடிது. நேர்மையான மாற்றத்தையும், அதனால் தமக்குக் கேடு என்று அஞ்சுவோர் வாக்கால் கொன்றுவிடுவர். லீக்கின் ஆணையர் ஒருவரே முடிவு செய்யட்டும் எனில், ஆணையருக்கும் அதே லீக்கில் ஓர் அணி இருக்கிறது. அவர் நடுவுநிலை பிறழாதவராயினும், பிறழவில்லை என்று தோற்றவரை நம்பச் செய்ய அவரால் இயலாது.

செய்யத்தக்கது வேறு. ஏலத்தில் 260 டாலர் என்னும் வரம்பு இருப்பதுபோல், பருவ நடுவிலும் அணியின் மொத்த விலைக்கு ஒரு வரம்பு வேண்டும். மூன்று நாற்பது டாலர் வீரரை ஒரே நாளில் அள்ளிக்கொள்ள அப்போது இயலாது. ஒருவரை வாங்க ஒருவரை விட வேண்டும். அடுத்த ஆண்டின் இளைஞர் தேர்வில் முதல் வாய்ப்பைக் கடைசி இடத்தவருக்குக் கொடுக்கும் வழக்கத்தையும் விடவேண்டும். பரிசுக்குச் சற்றே தவறிய இடத்தவருக்கு அதனைக் கொடுத்தால், எட்டாம் இடத்திலிருப்பவர் செப்டம்பரிலும் ஏழுக்கும் ஆறுக்கும் போராடுவார். குறித்த புள்ளிக்குக் கீழே வீழ்ந்த அணிக்கு மறு ஆண்டு ஏலப்பணத்தில் சில டாலர் குறைக்கலாம். இவற்றை ஏற்ற லீக்குகள் இல்லாமலில்லை. அங்கும் தளர்ந்த அணிகள் பெருவீரரை விற்கத்தான் செய்கின்றன. ஆனால் வாங்குபவர் விலை கொடுத்து வாங்குகிறார்.

இவ்விதிகளை மார்ச்சு மாதத்தில், ஏலத்துக்கு முன், எவர் வெல்வார் எவர் வீழ்வார் என்று எவருக்கும் தெரியாத நாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். தெரிந்த பின் எழுதும் விதி எதுவாயினும், அதனால் நட்டப்படுபவர் பெயர் அதன்மேல் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்.