ஹன்னிபால் கேட்ட கணக்கு

பெங்களூரு மேயருக்கு ஓராண்டு போதாது, அதனால்தான் நகரம் இப்படிக் கிடக்கிறது என்ற பேச்சு இந்த வாரமும் கிளம்பியிருக்கிறது. கேட்கக் கேட்க எரிச்சல் வருகிறது. அந்த ஓராண்டை 30 மாதமாக்கச் சட்டம் வந்தது 2020-இல். அதே ஆண்டு செப்டம்பரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லாமல் அதிகாரிகள்தான் நகரை நடத்தினார்கள். 2025-இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. ஆனால் பதவிக்காலம் நீண்டால் நிர்வாகம் தானாகத் திருந்திவிடும் என்பதற்கு என்ன ஆதாரம்?

பழைய கார்த்தேஜ் நகரத்தின் கதை இதற்கு நேர்மாறாகவே காட்டுகிறது. வட ஆப்பிரிக்கக் கரையில் பினீசியர் அமைத்த அந்நகரின் தலைமைப் பொறுப்பு, ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட சூஃபெத்துகள் இருவரிடம் இருந்தது. அரிஸ்டாட்டிலே மெச்சிய ஆட்சிமுறை அது. கேடு வந்தது ஓராண்டுப் பதவியால் அல்ல, ஆயுள் முழுதும் அசையாமல் அமர்ந்திருந்த நீதிபதிகளால். ரோமோடு போரிட்டுத் தோற்ற தளபதி ஹன்னிபால், கி.மு. 196-இல் சூஃபெத்தானதும் கருவூல அதிகாரி ஒருவரை விசாரணைக்கு அழைத்தார். அடுத்து நீதிபதிகள் வரிசையில் சேரப்போகிறவர் என்ற துணிச்சலில் அவர் வரவில்லை. ஹன்னிபால் அவரைக் கைதுசெய்து மக்கள் சபையில் நிறுத்தினார். நீதிபதிகளை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்க வேண்டும், தொடர்ந்து இரண்டாண்டு ஒருவரே இருக்கக்கூடாது என்று சட்டமும் கொண்டுவந்தார். களவுபோன வருவாயை மீட்டதும், ரோமுக்குக் கட்ட வேண்டிய கப்பத்துக்காக மக்கள்மேல் வரி போடும் தேவையே இல்லாமல் போனது. ஓராண்டுப் பதவியில் இருந்தவர் செய்த வேலை இது.

உத்திரமேரூரும் இதையே காட்டுகிறது. பராந்தக சோழன் காலத்து, கி.பி. 921-இன் கல்வெட்டுப்படி ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், அதுவும் ஓராண்டுக்கு. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடவோலையில் ஏறாது. கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினருக்கும் இடமில்லை. அது நிலமுள்ள பிராமணர்களின் சபை, கார்த்தேஜ் பணக்காரர்களின் நகரம் என்று மறுக்கலாம். உண்மைதான், யார் ஆளலாம் என்பதில் அவர்களிடம் நாம் கற்க ஒன்றுமில்லை. ஆள்பவர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதில் கற்க நிறைய இருக்கிறது. ஓராண்டுக்குள் மேம்பாலம் கட்ட முடியுமா என்பார்கள். முடியாது. ஆனால் மேம்பாலக் கணக்கைக் கேட்க ஓராண்டு தாராளம். கேட்டால் ஆணையர் மேயருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இன்றோ ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. ஹன்னிபாலின் எதிரிகளும் உள்ளூர்ச் சபையில் அவரை வெல்ல முயலவில்லை. ரோமுக்குப் புகார் அனுப்பினார்கள், கி.மு. 195-இல் அவர் ஊரைவிட்டே ஓட நேர்ந்தது.