எங்கள் தட்டு ஏன் திரும்பி வருகிறது?

போன கிறிஸ்துமஸுக்கு முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் இருந்தோம். பாதிராப் பூசை முடிந்து தூங்கி எழுந்த பிள்ளைகள், எட்டு மணிக்கெல்லாம் பலகாரத் தட்டோடு கிளம்பினார்கள். முறுக்கு, அதிரசம், சோமாசி, ரவா உருண்டை, மேலே ஒரு கைக்குட்டை. முஸ்லிம் தெருவுக்குப் போன தட்டு, இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் சீனியும் போட்டுத் திரும்பி வந்தது. ஊர்த்தெருவுக்குப் போன தட்டு போனபடியே வந்தது. “எனக்குச் சுகர் இருக்குல்ல பாப்பா, எண்ணெய்ப் பலகாரம் ஆகாது” என்று ஒரு வீட்டு ஆச்சி அன்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அடுத்த வீட்டில் “திண்ணையில வச்சிட்டுப் போ” என்றார்கள். வைத்தது மாட்டுத் தொட்டிக்குப் போனதைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் அதே ஆச்சி, அதே காலையில், அதே தெருவிலிருந்து பேக்கரி கேக் பெட்டி கொண்டுபோன ஒரு தம்பியிடம் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். சுகர் அப்போது எங்கே போனது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். கேக்கில் இருக்கும் சர்க்கரை பேக்கரிக்காரரின் சர்க்கரை. அதிரசத்தில் எங்கள் கை இருக்கிறது.

தோழர்களே, இந்த டிசம்பரில் இதைப் பற்றிப் பேசவேண்டும் என்று நினைக்கிறோம். “பண்டிகை நாளில் இதெல்லாம் எதற்கு” என்பவர்கள் முதலில் இந்தத் தட்டின் விலையைத் தெரிந்துகொள்ளட்டும்.

டெல்டாவில் டிசம்பர் பஞ்ச மாதம். சம்பா வயலில் பச்சையாக நிற்கும். நடவு, களை எல்லாம் முடிந்திருக்கும். அறுவடைக்குத் தை வரவேண்டும். இடையில் கூலியும் இல்லை, மழையும் விடாது. மகளிர் குழுக் கடன், அடகு, முன்பணம் என்று எதையாவது புரட்டித்தான் எண்ணெயும் வெல்லமும் வாங்குகிறார்கள். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மாவாக்கி, பாகு பிடித்து, மாவைப் புளிக்கவிட்டு, ராத்திரி முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து சுட்டால்தான் அதிரசம். மழையில் அரிசி உலராது, பாகு தப்பினால் எண்ணெயில் பிரிந்துபோகும். பெண்கள் தூக்கத்தை விற்றுச் செய்யும் பலகாரம் அது. அதுதான் திண்ணையோடு நிற்கிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த ஊர்த்தெரு வீடுகளில் பொங்குகிற சோற்றின் நெல்லை நட்டது யார்? அறுத்தது யார்? தூற்றி, அளந்து, மூட்டை கட்டித் தலையில் சுமந்து வீட்டுக்குள் இறக்கியது யார்? அந்த நெல்லில் தீட்டு இல்லை. அதே நெல்லை இடித்து எங்கள் வீட்டு அடுப்பில் வைத்ததும் தீட்டு வந்துவிடுகிறது. எங்கள் உழைப்பு வேண்டும், எங்கள் சமையல் வேண்டாம். சாதியில் சமைத்த சோறு மேலிருந்து கீழேதான் வரும். பண்ணையாள் காலத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மிராசுதார் வீட்டு வாசலில் நின்று வேட்டியும் நெல்லும் வாங்கினோம். வாங்குகிறவர்களாக நாம் நின்றவரை யாருக்கும் பிரச்சினை இல்லை. நாம் கொடுக்கிறவர்களாக ஒரு வாசலில் போய் நிற்கும்போதுதான் ஊருக்குச் சுகர் வருகிறது.

இது தொடங்கி இருநூறு வருடமாகப் போகிறது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாகக் கோயிலை விட்டு வெளியேறினார்கள். ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குவதும், சேர்ந்து உட்காருவதும் அவர்களுக்கு விசுவாசத்தைவிடப் பெரிய பிரச்சினை. 1850இல் சென்னையில் கூடிய புராட்டஸ்டண்ட் மிஷனரி மாநாடு இன்னும் ஒருபடி மேலே போனது. ஒருவர் சாதியை விட்டுவிட்டார் என்பதற்கு அடையாளம், பறையர் சமைத்த உணவைச் சாப்பிடுவதுதான் என்று முடிவெடுத்தது. மதுரை அமெரிக்கன் மிஷனிலும் சமபந்தியே சோதனையாக வைக்கப்பட்டது. பல உபதேசியார்கள் வேலையை விட்டார்கள், பந்தியில் மட்டும் உட்காரவில்லை. தரங்கம்பாடியில் லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் இத்தனை கண்டிப்பு காட்டாததால், கோபித்துக்கொண்டு போனவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது.

வேதம் படித்தார்கள், ஞானஸ்நானம் எடுத்தார்கள், இங்கிலீஷ் பாடல் பாடினார்கள். நம் கையால் ஒரு வாய் சோறு மட்டும் இறங்கவில்லை. அந்த மிஷனரிகளிடம் ஆயிரம் குறை இருக்கலாம். ஆனால் சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது தொண்டைக்குழியில் உட்கார்ந்திருக்கிறது.

இன்றைய திருச்சபை அந்தச் சோதனையை வசதியாக மறந்துவிட்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவில் சுவர் நின்ற கதையை நாம் எத்தனை முறை எழுதிவிட்டோம்! செத்தவர்களையே பிரித்தவர்கள், உயிரோடு இருப்பவர்களின் அடுப்பைச் சேர்ப்பார்களா?

அடுத்து சட்டத்துக்கு வருவோம். 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். திண்ணையில் வைத்த தட்டுக்காக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கப் போனால், சான்றிதழைப் பார்த்துவிட்டு “உனக்கு இந்தச் சட்டம் வராது” என்பார்கள். ஆச்சிக்குத் தெரிகிற சாதி, அரசாங்கத்துக்குத் தெரியாது!

சென்னையில் செருப்புத் தைத்துவந்த சூசை என்பவர், தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை கிறிஸ்தவர் என்பதால் தனக்குக் கிடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று 1985இல் நீதிமன்றம் கேட்டது. ஐயா, ஆதாரம் ஒவ்வொரு டிசம்பர் 25ஆம் தேதியும் கைக்குட்டை போட்டு மூடி நடந்து போகிறது, நடந்து திரும்பி வருகிறது. யார் வந்து பார்த்தீர்கள்?

பார்க்க வருகிறவர்கள் வேறு ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் தலித் பெண் மருத்துவர் ஒருவரின் கிளினிக் சுவரில் சிலுவை தொங்கியதைப் பார்த்துவிட்டு, 2013இல் அவருடைய சாதிச் சான்றிதழை ரத்து செய்தார்கள். அவர் கணவர் கிறிஸ்தவர். 2021இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் குறுகிய மனப்பான்மை என்று கண்டித்துச் சான்றிதழைக் காப்பாற்றியது. 2024 நவம்பர் 26, அரசியலமைப்பு நாளன்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்க்கொண்டே பட்டியல் சாதிச் சலுகை கேட்பது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம்.

இதனால் எங்கள் தெருக்களில் என்ன நடக்கிறது தெரியுமா? பையன் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கும் வருடம் வாசலில் ஸ்டார் தொங்காது. குடில் உள்ளறைக்குள் போகும். முறுக்கு கொல்லைப்புறத்தில் வேகும். வி.ஏ.ஓ. கேட்டால் “பக்கத்து வீட்டுல குடுத்தாங்க சார்” என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் தாய். தான் சுட்ட பலகாரத்தைத் தன்னுடையது இல்லை என்று சொல்லவைக்கும் சட்டம், எந்த ஊர் மதச்சுதந்திரம்?

மேடையில் நடப்பது வேறு. டிசம்பர் வந்தால் கட்சி பேதமில்லாமல் கிறிஸ்துமஸ் விழா. மண்டபம் முழுக்க பலூன், நடுவில் மூன்றடுக்கு கேக். தலைவர் வெட்டுவார், ஆயர் ஊட்டுவார், எல்லாரும் சமத்துவம் பேசுவார்கள். 2023 ஏப்ரலில் சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. வரவேற்கிறோம். ஆனால் தீர்மானம் டெல்லிக்குப் போக வேண்டும், அதிரசம் அடுத்த தெருவுக்குப் போனால் போதும். அதுவே போகவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பள்ளியை முற்றுகையிட்டது இதே தமிழ்நாடுதான்.

சில தோழர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள்.

ஒன்று: சேர்ந்து சாப்பிட்டால் சாதி ஒழியாது என்று அம்பேத்கரே 1936இல் எழுதியிருக்கிறாரே? உண்மை. சமபந்தி போதாது, அகமணத்தை உடைக்க வேண்டும் என்றார். போதாது என்றுதான் சொன்னார், வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் கையால் முறுக்கு வாங்காத வீடு, நம் வீட்டில் சம்பந்தம் செய்யுமா? பக்கத்துத் தெருவுக்கே வழி இல்லாதபோது மணவறைக்கு எந்த வழியாகப் போவது?

இரண்டு: டிசம்பர் 25 வெண்மணி நாள். அன்று பலகாரம் சுடலாமா? நாங்களும் இதை வெகுநாள் பேசினோம். 1968இல் இதே இரவில், அன்றைக்கு முத்துப்பேட்டையையும் சேர்த்து ஒரே மாவட்டமாக இருந்த தஞ்சையில், கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அவர்கள் பக்கத்தின் கோரிக்கை கூலியாக இன்னும் அரைப்படி நெல். காரும் நிலமும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நேரில் நடந்து வந்து இதைச் செய்திருப்பார்களா என்று சந்தேகப்பட்டு மிராசுதார்களை விடுவித்தது உயர் நீதிமன்றம். அந்த அரைப்படி எதற்கு? பிள்ளைகளுக்கு வயிறார ஆக்கிப்போட, நல்ல நாளில் நாலு பலகாரம் சுட. அந்த நெல்லைக் கேட்டுச் செத்தவர்களின் நாளில் பட்டினி கிடப்பது அஞ்சலி ஆகாது. காலையில் நினைவுத்தூணுக்குப் போவோம். மாலையில் நம் உலையில் அரிசி கொதிக்கட்டும். இரண்டும் ஒரே போராட்டம்தான்.

ஆக, இந்த வருடம் நாங்கள் செய்யப்போவது இது. உங்கள் ஊரிலும் செய்யுங்கள்.

பேக்கரி கேக்குக்கு மாறாதீர்கள். தட்டு திரும்பி வருகிறது என்று வெட்கப்பட்டு, ஏற்றுக்கொள்ளப்படும் பெட்டியை வாங்கிப்போவது சாதிக்கு நாம் செய்துகொடுக்கும் வசதி. அதிரசமே போகட்டும். திரும்பி வந்தால் திரும்பி வந்தது என்று எழுதுங்கள்: எந்த ஊர், எந்தத் தேதி, என்ன சாக்கு. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு அமைத்த கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம், மதம் மாறிய தலித்துகளின் நிலை என்ன என்ற கேள்விக்காகத்தான் அமைக்கப்பட்டது. நம் தெருவின் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.

பங்குத்தந்தைகளிடமும் போதகர்களிடமும் கேளுங்கள்: கோயில் விருந்தில் இந்த வருடம் யார் சமைக்கிறார்கள்? காலனிப் பெண்கள் பாத்திரம் கழுவ மட்டும்தானா? மாட்டுக்கறி ஏன் பந்தியில் இல்லை? மேடையில் கேக் வெட்டும் தலைவர்களைக் காலனிக்குக் கூப்பிடுங்கள். போட்டோவுக்கு வேண்டாம், உட்கார்ந்து சாப்பிட.

கடைசியாக, நம்மை நாமே கேட்போம். நம் தெருவைத் தாண்டி அருந்ததியர் வீடு இருக்கிறது. அங்கிருந்து தட்டு வந்தால் நம் வீட்டில் யாருக்காவது சுகர் வருகிறதா? வருகிறது என்றால் ஆச்சியைப் பற்றி எழுத நமக்கு வாய் இல்லை. முதலில் அந்த வீட்டுப் பலகாரத்தை அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டு வருவோம். பிறகு நம் தட்டோடு ஊர்த்தெருவுக்குப் போவோம்.

ஜெய் பீம்.